இந்திய ஆங்கில நாவலில் மனநோயும் வீடும்

நம் நாட்டின் ஒவ்வொரு பெருநகரிலும், அந்நகரத்தார் சிரித்துக்கொண்டே சொல்லும் ஓர் ஊர்ப்பெயர் உண்டு. சென்னையில் வளர்ந்தவர்களுக்கு அது 'கீழ்ப்பாக்கம்'. பிழைப்பை நாடி டில்லிக்கு வந்தவர்கள் சில மாதங்களுக்குள்ளாகவே 'ஆக்ரா' என்ற சொல்லுக்குத் தாஜ்மகாலைத் தவிர வேறொரு பொருளும் உண்டு என்று கற்றுக்கொள்கிறார்கள். பாட்னாவிலும் கல்கத்தாவிலும் 'ராஞ்சி' என்பார்கள். பம்பாயில் 'தாணா' என்பார்கள். அவ்வூர்களில் மனநோய் மருத்துவமனைகள் இருப்பதே இதற்குக் காரணம். "உன்னை அங்கேதான் அனுப்ப வேண்டும்" என்று ஒருவர் கேலி செய்ய, கூட இருப்பவர்கள் நகைப்பார்கள். அந்தக் கூட்டத்தில் ஒருவர் மாத்திரம் நகைக்காமல் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருப்பார். அவர் வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று நாம் பல ஆண்டுகள் கழித்து அறிந்துகொள்வோம்.

அந்த ஒருவருடைய வீட்டை இந்தியர் எழுதிய ஆங்கில நாவல்கள் எவ்வாறு கண்டன என்பதே இக்கட்டுரையில் நாம் ஆராயப் புகும் பொருள். இந்நாவல்களின் கதை நிகழும் இடங்கள் பெரும்பாலும் நீங்கள் குடியேறி வாழும் நகரங்களே. பழைய டில்லி, பம்பாயின் மாகிம், எஃகு நகரமாகிய ரூர்கேலா, புனா ஆகிய இவ்விடங்களின் தெருக்கள் உங்களுக்கு அறிமுகமானவை. அத்தெருக்களில் உள்ள வீடுகளின் உட்புறம் வேறு செய்தி.

முதற்கண் ஒரு கணக்கைச் சொல்லிவிடுதல் நலம். 1946-இல் வெளியான போர் குழுவின் அறிக்கை இந்நாட்டின் சுகாதார நிலையை அளந்து பார்த்தது. நாடு முழுவதற்கும் மனநோயாளருக்கென்று இருந்த படுக்கைகள் பத்தாயிரத்திற்குச் சற்றே அதிகம் என்று அது கண்டது. பிரிவினைக்கு முன்னிருந்த பரந்த பாரதத்தின் கணக்கு இது. அப்படியானால் மற்ற நோயாளிகள் எங்கே இருந்தார்கள்? சிலர் கோயில்களிலும் தர்காக்களிலும் இருந்தார்கள். சிலர் தெருவில் திரிந்தார்கள். பெரும்பாலோர் வீட்டிலேயே இருந்தார்கள். ஐரோப்பிய நாவலில் பித்துற்றவர் ஒருவர் வந்தால், கதை பெரும்பாலும் உயர்ந்த மதில் சூழ்ந்த ஒரு விடுதியை நோக்கிச் செல்லும். இந்தியாவில் அந்த மதில் எல்லோருக்கும் கிட்டவில்லை. இங்கே வீட்டின் பின்கட்டே மருத்துவமனை. தாயும் தமக்கையுமே தாதிகள். ஆகவே, மனநோயை உள்ளது உள்ளபடி எழுத விரும்பும் இந்திய எழுத்தாளன் வீட்டைத்தான் எழுத வேண்டும். இந்த எளிய உண்மைக்கு நம் ஆங்கில நாவல் வந்து சேர ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் ஆயின என்பது நமது கருத்து.

ஆனாலும், தொடக்கத்திலேயே ஒருவர் அதன் வாசலைத் தொட்டுவிட்டார். தமிழ்க் குடும்பத்தில் பிறந்து மைசூரில் வாழ்ந்த ஆர். கே. நாராயணின் 'த டார்க் ரூம்' என்னும் நாவல் 1938-இல் வெளிவந்தது. மால்குடியில் ஓர் இன்ஷ்யூரன்ஸ் கம்பெனியில் அதிகாரியாயிருக்கும் ரமணியின் மனைவி சாவித்திரி. கணவனின் கடுஞ்சொல் தாங்காத போதெல்லாம் அவள் வீட்டிலுள்ள இருட்டறைக்குள் சென்று படுத்துவிடுகிறாள். உண்ண மறுக்கிறாள்; பேச மறுக்கிறாள். குழந்தைகள் வாசலில் நின்று பார்க்கிறார்கள். பின்னர்க் கணவன் வேறொரு பெண்ணை நாடுவதை அறிந்து, சரயு நதியில் உயிரை விடத் துணிகிறாள். பூட்டுச் செப்பனிடுவதும் இரவில் கன்னமிடுவதுமாகப் பிழைக்கும் மாரி என்பவன் அவளைக் காப்பாற்றுகிறான். சில நாட்களுக்குப் பின் அவள் குழந்தைகளை எண்ணி வீடு திரும்புகிறாள். அவ்வளவுதான் கதை.

சாவித்திரியை நோயாளி என்று நாராயண் எங்கும் கூறவில்லை. நாமும் கூற வேண்டியதில்லை. ஆயினும், "அவள் அப்படித்தான், இரண்டு நாள் படுத்துக்கொள்வாள், சரியாகிவிடும்" என்று ஒரு வீடே தன்னைத் தேற்றிக்கொள்ளும் அந்தப் பழக்கத்தை அவர் எவ்வளவு நுட்பமாகக் கண்டிருக்கிறார்! நம் பழைய வீடுகளில் சாமான் வைக்கும் உள் அறை ஒன்று இருக்கும். அந்த அறையில் நெல்லும் புளியும் மாத்திரம் இருந்தன என்று நாம் நினைத்துக்கொண்டிருந்தோம்.

நாராயணின் சமகாலத்தவராகிய முல்க் ராஜ் ஆனந்த் முற்றிலும் வேறு வழியிற் சென்றார். அவருடைய 'பிரைவேட் லைஃப் ஆஃப் அன் இண்டியன் பிரின்ஸ்' 1953-இல் வந்தது. சுதந்திரத்தை அடுத்துச் சமஸ்தானங்கள் இந்திய ஒன்றியத்துடன் இணைக்கப்பட்ட காலம். சிறு மலை நாடு ஒன்றின் இளவரசன் இணைய மறுக்கிறான். அரசும் போகிறது, காதலியும் போகிறாள். லண்டனுக்கு ஓடுகிறான், முடிவில் புனாவில் மனநோய் மருத்துவமனையை அடைகிறான். கதையைச் சொல்பவர் அவனுடைய சொந்த மருத்துவர். ஆனந்தின் வாழ்வில் நேர்ந்த ஒரு மனமுறிவின் பின் இந்நூல் எழுந்தது என்பார்கள். நூலின் வேகம் அதை மெய்ப்பிக்கிறது. எனினும் இது ஓர் அரச நோய். உடன் வருவதற்கு ஒரு மருத்துவர். கடல் கடந்து செல்லப் பணம். சிதைவதற்கு ஓர் அரியணை! இளவரசனின் பித்து ஒரு வர்க்கத்தின் வீழ்ச்சிக்கு உவமையாய் நிற்கிறது. மாதம் இருநூறு ரூபாய் வாங்கும் குமாஸ்தாவின் தம்பிக்கு அதே நோய் வந்தால் என்ன ஆகும் என்ற கேள்வி அங்கே எழவில்லை.

மொழிபெயர்ப்பே நமது தொழிலாகையால், இந்த இடத்தில் சட்டச் சொல் ஒன்றைப் பற்றிக் கூறாமல் அப்பாற் செல்ல இயலவில்லை. மேற்சொன்ன இரு நாவல்களும் எழுதப்பட்ட போது நடப்பிலிருந்தது 1912-ஆம் ஆண்டின் இந்திய லூனசி சட்டம். அச்சட்டத்தின்படி, அறிவு வளர்ச்சி குன்றியவரும் சித்தம் கலங்கியவரும் ஒரே சொல்லுக்குள் அடங்குவர். அச்சொல் 'லூனடிக்' என்பது. லத்தீனில் நிலவுக்கு லூனா என்று பெயர். திங்களின் வளர்பிறை தேய்பிறையால் சித்தம் பேதலிக்கிறது என்ற பழைய ஐரோப்பிய நம்பிக்கையிலிருந்து வந்தது அது. இதைக் கண்டு நாம் நகைப்பதற்கில்லை. நமது சோதிடமும் சந்திரனை 'மனோகாரகன்' என்றே அழைக்கிறது.

நிலவும் சோதிடமும் சேர்ந்தே வரும் ஒரு நாவல் 1963-இல் லண்டனில் வெளியாயிற்று. அனிதா தேசாய் எழுதிய முதல் நாவல் அது. ஆங்கிலத்தில் அதன் பெயர் 'க்ரை, த பீகாக்'. இதனைத் தமிழில் எப்படிச் சொல்வது? மயில் அகவும், மனிதர் அழுவர். ஆங்கிலத்தில் இரண்டிற்கும் ஒரே சொல் இருப்பதனால், ஆசிரியை மயிலின் குரலையும் பெண்ணின் அழுகையையும் ஒரே தலைப்பில் வைத்துவிட்டார். தமிழில் நாம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து மற்றொன்றை இழக்க வேண்டும்.

டில்லியில் வழக்கறிஞராய் இருக்கும் கௌதமனின் மனைவி மாயா. தாயில்லாமல் தந்தையின் செல்லத்தில் லக்னோவில் வளர்ந்தவள். கணவனோ வயதில் மூத்தவர், எதையும் பற்றற்று ஆராயும் இயல்பினர். மணமாகி நான்காம் ஆண்டில் தம்பதிகளில் ஒருவர் இறப்பார் என்று இளமையில் ஒரு சோதிடன் சொன்ன சொல் அவள் நெஞ்சில் கிடக்கிறது. நாவல் ஒரு நாயின் சாவில் தொடங்குகிறது. மாயாவின் செல்ல நாய் இறந்து, வெயிலில் அதன் உடல் கிடக்க, அவள் பகல் முழுவதும் துடிக்கிறாள். மாலையில் கணவர் வருகிறார்; உடலை அகற்ற ஏற்பாடு செய்கிறார்; காரியம் முடிந்ததென்று தேநீருக்கு அமர்கிறார். அவர் கொடியவரல்லர். செய்ய வேண்டியதைச் செய்துவிட்டார் என்றே உண்மையாக நம்புகிறார். நோயுற்ற மனத்திற்கும் நோயற்ற மனத்திற்கும் இடையே ஒரே வீட்டில் எத்தனை காத தூரம் இருக்கக்கூடும் என்பதை இந்த ஒரு காட்சி காட்டிவிடுகிறது. பிறகு கோடை முற்றுகிறது, புழுதிக் காற்று வீசுகிறது, மாயாவின் அச்சம் திரண்டு ஒரு முடிவுக்கு வருகிறது. இறக்க வேண்டியவர் இருவரில் ஒருவர் எனின், அது ஏன் தானாக இருக்க வேண்டும்? ஒரு மாலை மொட்டை மாடியில், அவளுக்கும் நிலவுக்கும் நடுவே கௌதமன் வந்து நின்ற கணத்தில், அவள் அவரைத் தள்ளிவிடுகிறாள்.

நாவலின் சிறிய முதற்பகுதியும் இறுதிப் பகுதியும் ஆசிரியையின் கூற்று; நடுவே உள்ள நீண்ட பகுதி மாயாவின் கூற்று. சித்தம் கலங்கிய ஒருத்தி தன் வாயால் தன் உலகை விரித்துரைக்கும்படி விட்டது இந்திய ஆங்கில நாவலுக்குப் புதிது. அவள் கூற்றைப் படிக்கும்போது அவளுடைய எண்ணம் நமக்கு நியாயமாகவே தோன்றுகிறது. நூலை மூடிய பிறகே நடுங்குகிறோம். பித்தை வெளியிலிருந்து பார்த்து இரங்கியோ நகைத்தோ பழகிய வாசகர்களுக்கு இது பெரிய கல்வி.

ஆயினும் ஒரு குறையைச் சொல்லாமலிருக்க முடியவில்லை. மாயாவின் வீட்டில் வேலைக்காரர் உண்டு, தோட்டம் உண்டு, ஓய்வு உண்டு. யார் சமைத்தார்கள், யார் பணம் கொடுத்தார்கள், அடுத்த வீட்டார் என்ன கேட்டார்கள் என்பவை அந்த நூலின் கவலைகள் அல்ல. அவளது மொழியும் கவிதை மொழி. வடநாட்டுக் குடும்பத்துப் பெண்ணொருத்தி தன் நெஞ்சோடு எந்த மொழியில் பேசியிருப்பாள் என்று கேட்டுப் பார்த்தால், ஆங்கிலத்தின் அழகு ஒரு மெல்லிய திரையாகிக் குறுக்கே நிற்பதைக் காணலாம். நோயின் உட்புறம் தெரிந்தது. நோயுற்ற வீட்டின் உட்புறம் தெரியவில்லை.

அடுத்த பத்தாண்டில் வந்தவற்றுள் அருண் ஜோஷியின் 'த ஸ்டிரேஞ்ச் கேஸ் ஆஃப் பில்லி பிஸ்வாஸ்' (1971) பெயர் பெற்றது. நாகரிக வாழ்வைத் துறந்து மைக்கால் மலைப் பழங்குடியினரிடையே சென்று மறைந்த ஒரு டில்லி இளைஞனின் கதை. பித்தன் அவனா, அவனை வேட்டையாடும் சமூகமா என்று அது கேட்கிறது. நல்ல கேள்விதான், ஆனால் பழைய கேள்வி. சாதத் ஹசன் மாண்டோ உருதுவில் எழுதிய 'டோபா டேக் சிங்' அதைவிடக் கூர்மையாக, அதைவிடச் சில பக்கங்களில் அக்கேள்வியைக் கேட்டுவிட்டது. இத்தகைய கதைகளில் பித்து என்பது உலகத்தைக் காட்டும் கண்ணாடி. கண்ணாடியைப் பார்ப்பவர் அதில் தெரியும் உலகத்தைப் பார்க்கிறாரேயன்றி, கண்ணாடியைப் பார்ப்பதில்லை.

மாற்றம் அனிதா தேசாயிடமிருந்தே வந்தது என்பது குறிப்பிடத்தக்கது. 1980-இல் அவர் எழுதிய 'கிளியர் லைட் ஆஃப் டே' பழைய டில்லியில் ஒரு வீட்டைப் பற்றியது. கல்லூரியில் சரித்திரம் போதிக்கும் பிம் மணமாகாதவள். அண்ணன் ராஜா ஹைதராபாத்தில் செல்வனாய் இருக்கிறான். தங்கை தாரா அயல் நாட்டுத் தூதரகங்களில் வாழ்கிறாள். கடைசித் தம்பி பாபா அறிவு வளர்ச்சி நின்றுபோனவன். நாள் முழுவதும் கிராமபோனில் பழைய இசைத்தட்டுகளைப் போட்டுக் கேட்டுக்கொண்டிருப்பவன். விடுமுறைக்கு வந்த தாரா, "நீ இன்று ஆபீசுக்குப் போகவில்லையா?" என்று அன்போடுதான் கேட்கிறாள். பாபா கலங்கித் தெருவுக்கு ஓடி, அங்கே ஒரு குதிரை அடிபடுவதைக் கண்டு மேலும் அஞ்சி வீடு திரும்புகிறான். ஆண்டுக்கு ஒரு முறை வந்து அறிவுரை கூறும் உறவினரை இதைவிட மென்மையாக யாரும் கண்டித்ததில்லை. இன்னொரு நாள், எல்லாச் சுமையையும் தனியே சுமந்த பிம் பொறுமையிழந்து, உன்னை ராஜாவிடம் அனுப்பிவிடட்டுமா என்று பாபாவிடமே கேட்டுவிடுகிறாள். கேட்டுவிட்டு அவள் படும் வேதனையில்தான் நாவலின் உயிர் இருக்கிறது. மாயாவின் நூலில் நோயாளி மாத்திரம் இருந்தாள். இங்கே, பார்த்துக்கொள்பவள் வந்துவிட்டாள்.

பாபாவுக்கு இருந்தது மனநோய் அன்று என்று மருத்துவர் கூறுவர், அது சரியே. 1912-ஆம் ஆண்டுச் சட்டம் பாபாவையும் மாயாவையும் ஒரே சொல்லால் அழைத்திருக்கும். 1987-இல் நிறைவேறி 1993-இல் நடைமுறைக்கு வந்த மனநலச் சட்டமே இவ்விருவரையும் வேறு பிரித்தது. 'லூனடிக்' என்ற சொல்லையும் கைவிட்டு, 'மனநோயுற்றவர்' என்று எழுதியது.

சட்டம் மாறுமுன்பே மருத்துவர் சிலர் வீட்டாரை மதிக்கத் தொடங்கியிருந்தார்கள். 1950-களில் அமிர்தசரஸ் மனநோய் மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர் என்பவர் மருத்துவமனை வளாகத்தில் கூடாரங்கள் அடித்து, நோயாளியோடு குடும்பத்தாரையும் தங்கவைத்தார். வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையத்திலும் உறவினர் உடன் தங்கும் முறை வேரூன்றியது. நோயாளியை நன்கு அறிந்தவர்கள் வீட்டாரே. அவர்களை வாயிலில் நிறுத்திவிட்டு வைத்தியம் செய்வது வீண் என்பது இவர்களுடைய துணிபு. இலக்கியம் இந்தத் துணிவுக்கு வர மேலும் பல ஆண்டுகள் ஆயின.

வீட்டார் ஏன் பேசுவதில்லை என்பதற்கு நாமே ஒரு சாட்சி. ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், டில்லியில் நமது குடியிருப்பில் வசித்த நெல்லைச் சீமை நண்பர் ஒருவர் ஓர் இரவு காகிதம் ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தார். அவரோடு தங்கி வேலை தேடிக்கொண்டிருந்த தம்பி சில மாதங்களாக அறையை விட்டு வெளியே வருவதில்லை. யாரோ தன்னைப் பற்றிப் பேசுவது கேட்கிறதென்று சொல்லிக்கொண்டிருந்தான். மருத்துவர் எழுதிக்கொடுத்த ஆங்கிலக் குறிப்பு அது. ஊரிலிருக்கும் தாயார் தமிழ் மாத்திரமே படிப்பார். "அண்ணாச்சி, அம்மா படிக்கிற காகிதம், கொஞ்சம் பார்த்து எழுதிக் கொடுங்க" என்றார் நண்பர். நோயின் பெயர் மனச்சிதைவு. நாம் 'நரம்புத் தளர்ச்சி' என்று எழுதிக் கொடுத்தோம். அரசாங்கக் காகிதங்களில் ஒரு கால்புள்ளி இடம் மாறினாலும் உறக்கம் கொள்ளாத நாம், அன்று ஒரு சொல்லையே மாற்றிவிட்டு நிம்மதியாக உறங்கினோம். தங்கைக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று நண்பர் சொல்லியிருந்தார். அதற்கு மேல் எதுவும் கேட்கத் தோன்றவில்லை.

அந்தச் சொல்லை மாற்றாமல் எழுதிய நூல்கள் இரண்டு, நான்கு ஆண்டு இடைவெளியில் வந்தன. முதலாவது அமன்தீப் சந்து 2008-இல் வெளியிட்ட 'செபியா லீவ்ஸ்'. நெருக்கடி நிலைக் காலத்து ரூர்கேலா, எஃகு ஆலையில் வேலை பார்க்கும் பஞ்சாபித் தந்தை, மனச்சிதைவுற்ற தாய், இருவருக்கும் நடுவே ஒரு சிறுவன். சொந்த ஊரை விட்டுப் பல மாநிலத்தாரும் வந்து சேர்ந்த தொழில் நகரில், பாட்டியோ அத்தையோ அருகில் இல்லாத குவார்ட்டர்ஸ் வீட்டில், இந்நோய் வந்தால் என்ன நிகழும் என்பதை அந்நூல் காட்டுகிறது. வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு இதற்கு உரை வேண்டியதில்லை.

மற்றொன்று ஜெரி பிண்ட்டோவின் 'எம் அண்ட் த பிக் ஹூம்' (2012). இதனைச் சற்று விரிவாகக் கூற விரும்புகிறோம். ஆசிரியர் பம்பாய்ப் பத்திரிகையாளர். தம் தாயின் நோயை அடிப்படையாகக் கொண்டு பல ஆண்டுகள் எழுதித் திருத்தி உருவாக்கிய நாவல் இது. 2016-ஆம் ஆண்டுக்குரிய சாகித்திய அக்காதெமி விருது ஆங்கிலப் பிரிவில் இதற்குக் கிடைத்தது. நம்மவர் திரளாக வாழும் மாதுங்காவை அடுத்த மாகிமில், ஒரே படுக்கையறை கொண்ட சிறு வீட்டில், கோவாவைச் சேர்ந்த கத்தோலிக்கக் குடும்பம் வாழ்கிறது. தாய் இமெல்டாவைப் பிள்ளைகள் 'எம்' என்று அழைக்கிறார்கள்; தந்தை அகஸ்டின் அவர்களுக்கு 'பிக் ஹூம்'. மகள் சூசன், கதை சொல்லும் மகனுக்குப் பெயர் கொடுக்கப்படவில்லை. ('எம்' என்பதற்குத் தமிழில் 'எங்கள்' என்ற பொருள் அமைந்துவிட்டது தற்செயல். எனினும் மொழிபெயர்ப்பாளன் கண்ணுக்கு அது பொருத்தமாகவே படுகிறது.)

எம்முக்கு இருமுனை நோய். சில காலம் உற்சாகம் கரைபுரள ஓயாது பேசுகிறாள், பீடி புகைக்கிறாள், தேநீருக்கு மேல் தேநீர் கேட்கிறாள், பிள்ளைகள் காது பொத்தும்படி பச்சையாகப் பேசிச் சிரிக்கவைக்கிறாள். சில காலம் இருளில் விழுகிறாள். உயிரை மாய்த்துக்கொள்ள முயல்கிறாள். ஜே. ஜே. மருத்துவமனையின் 33-ஆம் வார்டு அக்குடும்பத்துக்கு இன்னொரு முகவரி. மகன் பிறந்த பிறகே தன் நோய் தொடங்கியது என்று தாயே மகனிடம் சொல்கிறாள். அவள் மறைத்துச் சொல்லத் தெரியாதவள். அந்தச் சொல்லை அந்த மகன் வாழ்நாள் முழுவதும் என்ன செய்வது? தாயின் நோய் தனக்கும் வருமோ என்ற அச்சம் வேறு. அவனும் சூசனும் நோயைப் பற்றி நகைச்சுவை பேசுகிறார்கள், சில வேளை அவள் மேல் எரிந்து விழுகிறார்கள், பின்பு வெட்கப்படுகிறார்கள். தந்தை ஒருவரே கடைக்குப் போவதையும் வேலைக்குப் போவதையும் மருத்துவமனைக்குப் போவதையும் ஒரே முகத்தோடு செய்கிறார். அவருடைய அமைதியின் விலை என்ன என்று மகன் மெல்ல மெல்லக் கண்டுகொள்கிறான்.

இந்நூல் நோயிலிருந்து தொடங்கவில்லை. எம் என்னும் மனுஷியிலிருந்து தொடங்குகிறது. அவள் ஒரு காலத்தில் அமெரிக்கத் தூதரகத்தில் வேலை பார்த்துக் குடும்பத்தைத் தாங்கியவள். பர்மாவிலிருந்து அகதிகளாய் வந்த குடும்பம் அவளுடையது. அந்த வரலாறு தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கும் உண்டு. அவளுடைய காதல் கடிதங்களையும் நாட்குறிப்புகளையும் மகன் படித்து, நோய்க்கு முன்னிருந்தவளைத் தேடுகிறான். மேலும், அக்குடும்பத்தின் வீட்டு மொழியே ஆங்கிலம். ஆகவே எம்மின் சிலேடைகளும் வசைகளும் வேறொரு மொழியிலிருந்து பெயர்க்கப்பட்டவையல்ல. அவள் வாயில் பிறந்தவை. மாயாவின் பேச்சில் நாம் கண்ட திரை இங்கே இல்லை. இந்தியாவில் ஆங்கிலம் யாருக்கேனும் அடுப்பங்கரை மொழியாக இருந்தால், அவர்கள் வீட்டைத்தான் ஆங்கில நாவல் முழு உண்மையோடு எழுத முடியும் போலும் என்று ஒரு கணம் தோன்றுகிறது. இது கடுமையான முடிவாகவும் இருக்கலாம். ரூர்கேலாவின் கதை இதற்கு விலக்கு.

இந்நாவல் காட்டும் காலத்தில், உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று பிழைத்தவர் சட்டத்தின் கண்ணுக்குக் குற்றவாளி என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும். 1860-ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைத் தொகுப்பின் 309-ஆம் பிரிவு அதற்குத் தண்டனை விதித்தது. மனைவியைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடும் கணவன் போலீசுக்கும் பதில் வைத்திருக்க வேண்டும். 2017-இல் நிறைவேறிய மனநலப் பராமரிப்புச் சட்டம், அவ்வாறு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், தண்டிக்கலாகாது என்று விதித்தது. 2024 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டத்தில், அரசு ஊழியரை வற்புறுத்தும் நோக்கத்தோடு செய்யும் முயற்சி நீங்கலாக, அக்குற்றம் இடம்பெறவில்லை. மயக்க மருந்தும் தசை தளர்த்தும் மருந்தும் இன்றி மின் அதிர்ச்சிச் சிகிச்சை அளிப்பதையும் 2017-ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்தது. எம் போன்றவர்கள் அந்தச் சிகிச்சையைப் பற்றி ஏன் அவ்வளவு அஞ்சினார்கள் என்பது இதனால் விளங்கும்.

அன்புள்ள வீட்டிலேயே இத்தனை பாடு என்றால், அன்பு வற்றிய வீட்டில்? 2019-இல் இந்தியாவில் 'கேர்ள் இன் ஒயிட் காட்டன்' என்றும், மறு ஆண்டு இங்கிலாந்தில் 'பர்ன்ட் ஷுகர்' என்றும் வெளிவந்த அவ்னி தோஷியின் நாவல் அதை எழுதியது. புனாவில், நினைவு தவறிவரும் தாய் தாராவைப் பார்த்துக்கொள்ள வேண்டிய பொறுப்பு மகள் அந்தராவுக்கு. அந்தத் தாயோ, மகளின் குழந்தைப் பருவத்தில் அவளைப் புறக்கணித்து ஆசிரமத்தில் திரிந்தவள். தனக்கு இழைத்த தீங்கைத் தாய் மறந்துவிட்டால், யாரிடம் கணக்குக் கேட்பது? படிக்க இனிய நூலன்று. ஆனால் 'பெற்ற தாய்க்குச் செய்ய வேண்டியது கடமை' என்ற ஒரே வாக்கியத்தால் மூடிவைக்கப்பட்ட எத்தனையோ வீடுகளை அது திறந்து காட்டுகிறது. 2020-ஆம் ஆண்டு புக்கர் பரிசின் இறுதிப் பட்டியலில் அது இடம் பெற்றது.

இந்நூல்களெல்லாம் படித்த, நகர்ப்புற, நடுத்தர வகுப்பாருடைய வீடுகளின் கதைகள் என்பதை மறைப்பதற்கில்லை. 2015-16-இல் பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வு, மனநோய் வகையைப் பொறுத்து நூற்றுக்கு 70 முதல் 92 பேர் வரை சிகிச்சை பெறாதிருப்பதாகக் கண்டது. அந்தத் தொண்ணூறு பேரின் வீட்டில் ஆங்கில நாவல் எழுதுவோர் இல்லை. 2001 ஆகஸ்டு 6-ஆம் நாள் இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்த மனநோயாளர் 28 பேர் கொட்டகைத் தீயில் மாண்டனர். அவர்களை அங்கே கொண்டுவந்து விட்ட தாய் தந்தையர் கொடியவர்கள் அல்லர், களைத்தவர்கள். மாகிம் வீட்டுத் தந்தையின் களைப்பை ஒரு நாவல் நமக்குக் காட்டியது. ஏர்வாடிக்கு ரயிலேறிச் சென்ற தந்தையின் களைப்பை ஆங்கிலத்தில் எழுத இன்னும் ஒருவர் வரவில்லை.

பிண்ட்டோவின் நூலை நாம் படித்து முடித்தபின் நெல்லை நண்பருக்குக் கொடுத்தோம். இரண்டு மாதம் கழித்துத் திருப்பித் தந்தார். நூலைப் பற்றி அதிகம் பேசவில்லை. தம்பி இப்பொழுது மாத்திரையை ஒழுங்காக உட்கொள்கிறான் என்றும், பகுதி நேரமாக ஒரு கடையில் கணக்கு எழுதுகிறான் என்றும் சொன்னார். தாயாரிடம் அந்தப் பழைய காகிதத்தின் உண்மையைச் சொல்லிவிட்டீர்களா என்று தயங்கித் தயங்கிக் கேட்டோம். அவர் சிரித்தார். போன பொங்கலுக்கு ஊருக்குச் சென்றபோது சொல்ல வாயெடுத்தாராம். அதற்குள் தாயாரே, "நரம்புத் தளர்ச்சிக்கு எந்த டாக்டர்டா இத்தனை வருஷம் மாத்திரை கொடுப்பான்? உன் அண்ணாச்சி நல்லாத்தான் எழுதியிருந்தாரு" என்று சொல்லிவிட்டு, அடுப்பைப் பார்க்க எழுந்து போனாராம்.